அடுப்புக்கு ஒரு பை

இலவசமாக உணவுப் பொருள் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பதற்கும் ஒரு முறை வேண்டும் என்று நினைத்தேன். மாலை வகுப்பில் கணக்கு படிக்கிறேன். எதையும் வரிசையாகச் செய்தால் தப்பு வராது என்பதுதான் அங்கே முதலில் சொல்லித் தருவது. அதனால் பக்கத்தில் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் போவது என்று முடிவு செய்தேன். இப்போது யோசித்தால், அந்த வரிசை சரியா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அப்பா சுமை தூக்குகிறவர். லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது பலகை சறுக்கி, மூட்டையோடு விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. வேலைக்கு வைத்திருந்த காண்ட்ராக்டர் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு வந்தார். "உடம்பப் பாத்துக்கங்க, வேலை எங்க போயிடப் போகுது" என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. நான் தையல் கம்பெனியில் துணிகளில் தொங்கும் நூலை வெட்டுகிறவள். ஆர்டர் குறைந்ததும் வாரத்தில் பாதி நாள் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். வாடகை கொடுத்து, அப்பாவுக்கு மாத்திரை வாங்கினால் அரிசிக்கு மிஞ்சாது. அம்மா ஒருவேளைச் சோற்றை இரண்டு வேளைக்கு ஆக்கப் பழகிக்கொண்டாள். பிறகு தனக்குப் பசியே இல்லை என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

முதலில் வார்டு ஆபீஸ் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், "இது எங்க செக்‌ஷன் இல்லியே" என்றார். எந்த செக்‌ஷன் என்று கேட்டேன். "அது தெரிஞ்சா நானே போய் வாங்கிக்க மாட்டேனா?" என்றார். பக்கத்து மேசைக்காரர் டீயை மூக்கில் ஏற்றிக்கொண்டு இருமினார்.

அடுத்து, மதியச் சாப்பாடு போடும் ஒரு மண்டபம். வரிசையில் நின்று கதவு வரை போன பிறகுதான் அது முதியவர்களுக்கு மட்டும் என்று தெரிந்தது. கரண்டி பிடித்திருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அறுபது ஆனதும் வாம்மா, தட்டு எடுத்து வைக்கிறேன்." வரிசையில் பல்லில்லாத வாய்கள் எல்லாம் சிரித்தன. எனக்கும் சிரிப்பு வந்தது. தெருமுனை திரும்பிய பிறகு வரவில்லை.

இலவசமாக உணவுப் பை கொடுக்கும் ஒரு மையத்தைப் பற்றிச் சொன்னது வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரி. பகலில் மருந்துக்கடையில் நிற்கிறவள். "பஸ் ஷெட்டுக்குப் பின்னாடி, ஷட்டர் போட்ட கடை. போர்டு கிடையாது. போ, வெக்கப்படாத. வெக்கத்த வேக வச்சா திங்கப் போற?" என்றாள்.

ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்துதான் போக வேண்டும். உள்ளே ஒரு பெரிய தராசின் முன்னால் ஓர் அம்மாள், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, அரிசியை நிறுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைத் தராசு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பை ஒன்றில் அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, பால் மாவு. மாதம் ஒரு தடவை.

"வீட்டுக்கு ஒண்ணாக்கா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு ஒண்ணுன்னு குடுத்துப் பாத்தோம். ஜனங்க வீட்டுக்குள்ள வீடு கட்டிட்டாங்க. ஒரு கதவுக்குள்ள நாலு குடும்பம், நாலு பூட்டு. அதனால இப்ப அடுப்புக்கு ஒரு பை. எத்தன அடுப்பு தனியா எரியுதோ அத்தன குடும்பம். அந்த அடுப்புக்கு நிலையான சம்பளம் வர்ற ஆம்பள இருந்தா பை கிடையாது. படுத்த படுக்கையா ஆள் இருந்தா சம்பளத்தப் பாக்கமாட்டோம். புரிஞ்சுதா? எழுத வேற செய்யிறியே!"

நான் எழுதிக்கொண்டிருந்தேன். தேவைப்படும் சான்றுகளை எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் ஒழுங்காக எடுத்து வருவதாகச் சொன்னேன். அன்றே பெயரைக் கொடுத்திருக்கலாம். தராசு அக்காகூட "பேர மட்டும் சொல்லிட்டுப் போயேன்" என்றார். பாதி வேலையாகச் செய்ய எனக்கு வராது.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரே வாசல் உள்ள வீடு. முன்பாதி சித்தப்பா குடும்பம், பின்பாதி நாங்கள். நடுவில் பலகைத் தடுப்பு. வாடகை ஆளுக்குப் பாதி. சமையலறை சித்தி பக்கம் போய்விட்டது. சித்தி கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தச் சமையலறையில் அவளுடைய குத்தல் பேச்சுக்கு இடையில் சமைத்த அம்மா, தடுப்பு வைத்த மாதம், கொல்லைப்புறத்து இடுக்கில் தகரம் அடித்து, மேலே ஒரு கண்ணாடி ஓடு போட்டு, தனியாக ஓர் அடுப்பு வாங்கி வைத்தாள். வீட்டு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கிய, இரண்டு பர்னர் வைத்த எவர்சில்வர் அடுப்பு. தினமும் ராத்திரி அதைத் துடைத்து, ஒரு துணி போட்டு மூடுவாள். அம்மாவிடம் நகை கிடையாது. நகை வைத்திருக்கிறவர்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்கு அந்த அடுப்பை வைத்துத்தான் தெரியும்.

மையத்தைப் பற்றி அம்மாவிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "சித்தி கிட்ட சொன்னியா?"

"அவங்களுக்கு எதுக்கும்மா? சித்தப்பாவுக்குத்தான் வேன் ஓட்டிச் சம்பளம் வருதே."

"காதுல போட்டு வை. நாளைக்கு மறைச்சு வாங்கித் தின்னோம்னு ஒரு சொல் வரக்கூடாது."

சொன்னேன். சித்தி முகத்தைச் சுளித்தாள். "பிச்சைப் பையா? எங்களுக்கு எதுக்குடி? நீங்க வாங்கிக்கங்க, கணக்குப்பிள்ளை." என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். எந்த ஷட்டர், பஸ் ஷெட்டுக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் எல்லாச் சான்றுகளோடும் போனேன். விலாசத்தைச் சொன்னதும் தராசு அக்கா நிமிர்ந்தார்.

"அந்த வீட்டுக்குப் பை போயிடுச்சேம்மா. ஒரு பொண்ணு வந்து அழுதுச்சே. மூத்தவர் இடுப்பொடிஞ்சு கெடக்குறாரு, ஒரே அடுப்புல இத்தன பேருக்கு வடிச்சுக் கொட்டுறேன்னு."

"அவர் எங்கப்பா. எங்களுக்குத் தனி அடுப்பு."

"அவ ஒண்ணுங்குறா, நீ ரெண்டுங்குற. நான் தராசுல அடுப்பையா நிறுக்க முடியும்? விசாரணைக்கு ஆள் அனுப்புறேன்."

வீட்டுக்கு வந்து சித்தியிடம் நேராகவே கேட்டேன். அவள் அந்தப் பையின் பால் மாவைக் கரைத்துத் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லியிருக்கீங்க சித்தி."

"எதுடி பொய்? மாமா படுக்கையில இல்லியா? பலகையத்தான் பிரிச்சோம், ரத்தத்தையுமா பிரிச்சோம்? நான் மாமாவ எங்க வீட்டு ஆள்னு சொன்னேன். நீ தனின்னு சொல்லிட்டு வர்ற. இதுல யார் நல்லவ, நீயே கணக்குப் போட்டுப் பாரு."

அவள் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பருப்பு எடுத்து என் கையில் வைத்தாள். "மாமாவுக்குக் குடு" என்றாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா படுத்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். கட்டில் சத்தம் நின்றிருந்தது.

விசாரணை சார் எந்த நாள், காலையா மதியமா என்று மையத்தில் கேட்டு வைத்துக்கொண்டேன். அவர் வரும்போது இரண்டு அடுப்பும் தனித்தனியாக எரிய வேண்டும். எங்கள் அரிசி டப்பா, எங்கள் மசாலா டப்பா எல்லாவற்றையும் இடுக்கின் அலமாரியில் தெரிகிற மாதிரி வைத்தேன். சித்தியின் அடுப்பும் எரிந்தால்தான் சரி என்பதால் அவளிடமும் சொல்லிவிட்டேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "எரிய வைக்கிறேன், அதுக்கென்ன? எத்தன மணிக்கு வர்றாரு?" என்றாள்.

இரண்டு அடுப்பு என்று முடிவானால் அவளுக்குப் பை நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். அது அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். என் கணக்கில் நான் எழுதாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

அன்று அம்மா இடுக்கில் ஒரு பர்னரில் உலை வைத்திருந்தாள். இன்னொன்று காலி. புடவையை இழுத்துச் செருகி, முகம் கழுவி, ஏதோ போட்டோ எடுக்க வருகிறார்கள் என்பது போல நின்றிருந்தாள். தெருவில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம் கேட்டது. அதே நேரத்தில் பின் வாசலில் சித்தி. இடுப்பில் பாத்திரம். பாத்திரத்தில் கழுவின அரிசி, தண்ணீர் சொட்டச் சொட்ட.

"அக்கா, சிலிண்டர் தீந்துபோச்சுக்கா. பசங்க ஸ்கூல்லேருந்து பசியோட வந்துடும். ஒரு பக்கம் குடு."

"அம்மா, வேண்டாம்" என்றேன். "சொல்றதக் கேளு. இன்னைக்கு மட்டும் வேண்டாம்."

அம்மா என்னைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள். அம்மாவுக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததைக் கண்ணில் பார்த்தேன்.

"கழுவின அரிசியோட நிக்கிறவள எப்படிடி திருப்பி அனுப்புறது?" என்று சொல்லி, தன் உலையை ஓரமாக நகர்த்தினாள்.

விசாரணை சார் உள்ளே வரும்போது இருவரும் ஒரே அடுப்பின் முன்னால் தோள் இடிக்க நின்றிருந்தார்கள். சித்தி அம்மாவின் கரண்டியால் அம்மாவின் உலையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவர் ஒல்லியான மனிதர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே கண்ணாடியை மட்டும் தூக்கி விட்டிருந்தார். முன்பக்கச் சமையலறைக்குப் போய்ச் சித்தியின் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்திருக்கும். திரும்பி வந்தார்.

"இதுல எது யாரோட அடுப்பும்மா?"

"அடுப்புல என்ன சார் யாரோடது?" என்றாள் சித்தி. "அக்கா ஒரு பக்கம் வைப்பா, நான் ஒரு பக்கம் வைப்பேன்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எங்க வீட்டுல என் சம்சாரமும் தம்பி சம்சாரமும் ஒரே அடுப்புகிட்ட நின்னா ஃபயர் சர்வீஸுக்குத்தான் போன் பண்ணணும். இந்தக் காலத்துல இப்படி ஒரு ஒத்துமை!"

"சார், இன்னைக்கு மட்டும்தான். வேணும்னே பண்றாங்க" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"இரும்மா, பெரியவங்கள கேக்குறேன். ஏம்மா, இவங்க உங்க சம்மதத்தோடதானே உலை வச்சிருக்காங்க? புடுங்கிட்டு வைக்கலியே?"

"இல்ல சார்" என்றாள் அம்மா.

அவர் போன பிறகு, பிள்ளைகள் வந்து, சாப்பாடு முடிந்து, சித்தி கண்ணயர்ந்த நேரம். அவள் சமையலறைக்குள் போனேன். ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை துடைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். மேல் பக்கம் சட்டென்று காய்ந்தது. பாதிக்குக் கீழே ஈரம் அப்படியே நின்றது. கேஸ் இருக்கும் மட்டம் வரை ஈரம் காயாது. பாதி சிலிண்டர் இருந்தது. ரெகுலேட்டரை மட்டும் மூடியிருந்தாள்.

"பாத்துட்டியா?" பின்னால் சித்தி நின்றிருந்தாள். கோபமே இல்லை. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள். "எனக்கு வர்றத நிறுத்தப் பாத்த. நான் நிறுத்த விடல. அவ்வளவுதான். உங்கம்மா கையையா புடிச்சு முறுக்குனேன்? கேட்டேன், குடுத்தா. வேணும்னா அவளப் போய்க் கேளு, ஏன் குடுத்தேன்னு."

மையத்துக்குப் போய் ஈரத்துணி விஷயத்தைச் சொன்னேன். தராசு அக்கா எடைக்கல்லைத் தராசில் வைத்தபடியே கேட்டார். நம்பினார் என்றுதான் தோன்றியது.

"நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். நான் என்ன பண்ணணும்? சண்டக்கார வீடுன்னு எழுதுனா ரெண்டு பேருக்கும் நின்னுடும். பின்னாடி நிக்கிற வரிசையப் பாத்தியா? எனக்கு ஒரு பை மிச்சம். எழுதவா?"

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண் கைக்குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, "எழுதுங்கக்கா" என்றாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

"வேண்டாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எழுதச் சொல்லியிருந்தால் சித்தியின் வீட்டில் சம்பளம் இருக்கிறது, சமாளித்திருப்பார்கள். எங்களுக்கு எப்படியும் இல்லை. ஆக, இழப்பு அவளுக்கு மட்டும்தான். கணக்கு அதைத்தான் சொல்கிறது. ஆனால் அவள் பையில் வாங்கியதில் ஒரு கிண்ணமாவது அப்பாவுக்கு வருகிறதே என்று அந்த நிமிடத்தில் நினைத்தேன். அந்தக் கிண்ணத்தை அவள் அளந்து கொடுத்தது வீண்போகவில்லை.

மறு மாதப் பை வந்த அன்று சித்தி தடுப்பைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தாள். அப்பாவின் கட்டிலருகே நின்று, அம்மாவிடம் சொன்னாள்.

"அக்கா, விசாரணை சாரு சொல்லாமக் கொள்ளாம இன்னொரு தடவ வருவாராம். ரெண்டு அடுப்பு எரியுறதப் பாத்தா பொய் சொல்லி வாங்குனோம்னு எல்லாருக்கும் நின்னுடும். இனிமே ஒரே அடுப்புதான். என் பேர்லதான் பை வருது, அதனால என் சமையல்கட்டுல. நீ வந்து சமைச்சுடு. மூணு பேருக்கு வடிக்கிற கை, ஏழு பேருக்கு வடிக்காதா? உங்களுக்கும் அதுலயே சாப்பாடு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றார். இடுப்பு விடவில்லை. பாதி திரும்பிய நிலையிலேயே கிடந்தார்.

"சரி" என்றாள் அம்மா.

சித்தியின் அடுப்பில் ஒரு பர்னர் அடைத்திருந்தது. அதைக் கழற்றிப் பரண் மேல் போட்டுவிட்டு, சித்தப்பா எங்கள் இடுக்கிலிருந்து அம்மாவின் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூடும் துணி கீழே விழுந்தது. அம்மா அதை எடுத்து உதறி, கொடியில் போட்டாள்.

இப்போது எங்களுக்குச் சாப்பாடு இருக்கிறது. அதை மறுக்க முடியாது. காலையும் ராத்திரியும் சோறு வருகிறது. அம்மா சமைக்கிறாள், சித்தி பரிமாறுகிறாள். முதலில் சித்தப்பா, பிள்ளைகள், பிறகு அப்பாவின் தட்டு. "மாமாவுக்கு ரெண்டாந்தரம் போடாதக்கா, படுத்தே கெடக்குறவங்களுக்குச் செரிக்காது" என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிதான் சொல்வாள். சமைத்த பாத்திரங்களை அம்மா தேய்க்கிறாள். அது எப்போது பேசி முடிவானது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் வகுப்பிலிருந்து வந்தபோது தேய்த்துக்கொண்டிருந்தாள், அதிலிருந்து அப்படித்தான்.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகினார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். சித்தி அன்று அவர் கட்டிலுக்கு இன்னொரு தலையணை கொண்டுவந்து போட்டாள். "அவசரப்படாதீங்க மாமா. எலும்பு நல்லாச் சேரட்டும். என்ன கொறச்சல் உங்களுக்கு, நாங்க இல்லியா?" அவள் போன பிறகு அப்பா தலையணையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எழுந்து நடந்தா பை நின்னுடுமாம்மா?" என்று என்னிடம் கேட்டார். அடுத்த நாள் அவர் சுவரைப் பிடிக்கவில்லை.

விசாரணை சார் சொன்னபடியே சொல்லாமல் வந்தார். எனக்கு வேலை இல்லாத நாள். அவருக்குப் பின்னாலேயே நானும் சமையலறைக்குள் போனேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, அப்பாவைக் கூட்டிவந்து நிறுத்துவது, பை நின்றாலும் நிற்கட்டும் என்று எனக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். முதலில் எதைச் சொல்வது என்பதில்தான் கொஞ்சம் குழம்பினேன்.

அம்மா எவர்சில்வர் அடுப்பின் முன்னால் வியர்வை வழிய நின்றிருந்தாள். சித்தி தரையில் உட்கார்ந்து கால் நீட்டிப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட, அடுப்பு மாத்திட்டீங்களா? புதுசா இருக்கே. யாரோடதும்மா இது?" என்று கேட்டார் அவர். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்; இடுக்கில் பார்த்த அதே அடுப்பு என்பது அவருக்கு ஞாபகமில்லை.

சித்தி போனில் விரலை நகர்த்திக்கொண்டே இருந்தாள். நான் அம்மாவையே பார்த்தேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. அடுப்பின் ஓரத்தில் வழிந்திருந்த கஞ்சியை முந்தானை நுனியால் துடைத்தாள். தினமும் ராத்திரி துடைப்பது போலவே, மூலை வரைக்கும்.

"இவளோடது சார்" என்றாள். "நாங்க இவ கிட்டதான் சாப்பிடுறோம். அதான் சமைச்சுக் குடுக்குறேன்."

அவர் தலையாட்டிக்கொண்டு எழுதினார். நான் வரிசைப்படுத்தி வைத்திருந்த எதையும் சொல்லவில்லை.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகு சித்தி போனிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"உப்பு பாத்துப் போடுக்கா" என்றாள். "நேத்து வாயில வைக்க முடியல."